எலிக்கும் கொசுவுக்கும் வழி அடைப்போம்

(புதுச்சேரிப் பகுதியின் கடற்கரைக் கிராமம் ஒன்றில், வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஒரு சுகாதார ஊழியர் பேசியது)



இன்று எலியைப் பற்றிப் பேசப் போகிறேன். கொசு வரும். கரையான், கரப்பான் வரும். காக்கையும் புறாவும் வரும். "இது என்ன பெரிய விஷயம்? எங்களுக்குத் தெரியாத எலியா?" என்று நீங்கள் நினைக்கலாம். எலியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். எலிக்கு வைக்கிற விஷத்தைத்தான் நமக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் இந்தப் பேச்சு.

2024 நவம்பர் மாதம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வீட்டில் எலித்தொல்லை. ஆட்களை வரவழைத்து எலி மருந்து வைத்தார்கள். அன்று இரவு அப்பா, அம்மா, இரண்டு சின்னக் குழந்தைகள், நான்கு பேரும் ஏ.சி. அறையில் படுத்துத் தூங்கினார்கள். நான்கு பேருக்கும் உடம்பு கெட்டது. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். இரண்டு குழந்தைகளும் இறந்துபோயின. பெற்றோர் தீவிர சிகிச்சையில் கிடந்தார்கள். செய்தித்தாளில் உங்களில் சிலரும் படித்திருப்பீர்கள்.

அவர்கள் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள். எலி போக வேண்டும் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். கடைக்குப் போகிறோம். "எலி மருந்து ஒன்று கொடுங்கள்" என்கிறோம். வாங்கி வந்து அடுப்பங்கரையில் வைக்கிறோம்.

எலி வந்த பிறகு விஷத்தைத் தேடுகிறோம். எலி எந்த வழியாக வந்தது என்று தேடுவதில்லை.

எலி ஏன் வருகிறது?

எலிக்கு மூன்று தேவை. தின்னச் சோறு, குடிக்கத் தண்ணீர், குட்டி போட இடம். மூன்றும் நம் வீட்டில் இருக்கின்றன. கடற்கரை வீட்டில் கூடுதலாகவே இருக்கின்றன. கூடையில் கருவாடு. மூலையில் மடித்து வைத்த வலை. பரண் மேல் பழைய சாக்கு. வாசலில் மீன் கழுவிய தண்ணீர். எலிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

நம் ஊரில் குளிர்காலம் என்று பெயருக்குத்தான் வருகிறது. பனி விழும் ஊர்களில் குளிரில் பூச்சிகள் அடங்கும். இங்கே அடங்குவதில்லை. கடல் ஓரத்தில் வெயிலும் ஈரமும் வருடம் முழுக்க இருக்கின்றன. எலிக்கும் கொசுவுக்கும் கரப்பானுக்கும் பன்னிரண்டு மாதமும் நல்ல காலம்தான்.

ஒரு பெண் எலி சுமார் மூன்று வாரம் சினையாக இருக்கும். ஒரு தடவைக்கு ஆறு முதல் பத்துக் குட்டி வரை போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமும் குட்டி போடத் தயாராகிவிடும். நீங்கள் பத்து எலியைக் கொன்றால் மீதி எலிகளுக்குச் சோறு அதிகம் கிடைக்கிறது. குட்டியும் அதிகம் பிழைக்கிறது. கொல்வதால் மட்டும் எலி குறையாது என்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, வழியைப் பார்ப்போம். நீங்கள் எழுதப் பழகும் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றி வாருங்கள். பென்சில் தாராளமாக நுழைகிற ஓட்டை இருந்தால், அதில் சுண்டெலி நுழைந்துவிடும். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை இருந்தால், இளம் வீட்டெலி நுழைந்துவிடும். கதவுக்கு அடியில் பாருங்கள். குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் பாருங்கள். கரண்ட் கம்பி நுழைகிற இடம், சாக்கடைத் துவாரம், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, எல்லாவற்றையும் பாருங்கள்.

ஓட்டையைத் துணியால் அடைக்காதீர்கள். எலி துணியைக் கடித்து மெத்தை போட்டுக்கொள்ளும். மண்ணால் அடைத்தால் ஒரே இரவில் தோண்டிவிடும். சிமெண்டில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கலந்து அடையுங்கள். எலி கடிக்காது. கண்ணாடியைக் கையால் தொடாமல் கரண்டியால் கலக்க வேண்டும். சில ஊர்களில் இரும்பு நாரை வைத்து அடைப்பார்கள். நம் உப்புக் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். ஜன்னலுக்கு அடிக்கிற இரும்பு வலையும் அப்படித்தான். கொஞ்சம் விலை கூடினாலும் அலுமினிய வலை அடிப்பது நல்லது.

கதவுக்கு அடியில் சந்து இருந்தால் ஒரு தகரப் பட்டையை அடியுங்கள். சாக்கடைத் துவாரத்துக்கு ஜாலி போடுங்கள். பெருச்சாளி சாக்கடை வழியாகத்தான் வரும். அது வீட்டின் அஸ்திவாரத்தையே தோண்டும்.

அடுத்தது சோறு. அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் மூடி உள்ள தகர டின்னிலோ எவர்சில்வர் தூக்கிலோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவை எலி கடித்து ஓட்டை போட்டுவிடும். இரவில் எச்சில் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் படுக்கிறோமே, அது எலிக்கும் கரப்பானுக்கும் வைக்கிற விருந்து. கழுவ முடியாத அளவுக்கு அசதியாக இருந்தால், பாத்திரம் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி மேலே ஒரு தட்டையாவது கவிழ்த்து வையுங்கள்.

வலையைத் தரையில் குவித்து வைக்காதீர்கள். கழியில் தொங்கவிடுங்கள். மீன் வாசனை உள்ள வலையை எலி விடாது. ஒரு வலை கிழிந்தால் எத்தனை நாள் வருமானம் போகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தென்னை மரம் வீட்டை ஒட்டி இருந்தால் எலி மரம் ஏறிக் கூரைக்குத் தாவும். இளநீரையும் ஓட்டை போடும். மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே, ஒன்றேகால் அடி அகலத்துக்கு ஒரு தகரத்தைச் சுற்றி அடியுங்கள். எலியின் நகம் தகரத்தில் பிடிக்காது. வழுக்கி விழும். ஆனால் கூரை மேல் சாய்ந்த மட்டைகளை வெட்டிவிட வேண்டும். பக்கத்து மரத்தின் மட்டை தொட்டுக்கொண்டு இருந்தாலும் பயன் இல்லை. எலி அந்த வழியாக வந்துவிடும்.

"பூனை வளர்த்தால் போதாதா தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்கிறார். பூனை நல்லதுதான் பாட்டி. ஆனால் பூனை ஒன்று, எலி நூறு. பூனை உதவி செய்யும். வேலையை நாம்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, விஷம் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனையும் சாகலாம்.

பொறியைப் பற்றி ஒரு வார்த்தை. எலி சந்தேகப் பிராணி. புதிதாக ஒரு பொருளைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும். அதனால் பொறியில் தீனியை வைத்து, முதல் இரண்டு மூன்று நாள் பொறியை விசை ஏற்றாமல் விட்டுவிடுங்கள். எலி பயம் இல்லாமல் வந்து தின்று பழகட்டும். பிறகு விசை ஏற்றுங்கள். சுட்ட தேங்காய்த் துண்டு, கருவாட்டுத் துண்டு நன்றாக வேலை செய்யும். எலி சுவர் ஓரமாகத்தான் ஓடும். பொறியைச் சுவர் ஓரமாக வையுங்கள். அகப்பட்ட எலியைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் விடாதீர்கள். அது உங்களுக்கு முன்னால் வீடு வந்து சேரும். செத்த எலியை வெறும் கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

மூஞ்சூறை எலி என்று நினைத்து அடிக்கிறோம். அது எலி இல்லை. நாற்றம் அடிக்கும், உண்மை. ஆனால் அது கரப்பானையும் பூச்சியையும் தின்னும். விட்டுவிடுங்கள்.

விஷத்தின் கதை

கடையில் டியூபில் ஒரு பசை விற்கிறார்கள். பார்க்கப் பல் விளக்கும் பேஸ்ட் மாதிரி இருக்கும். அதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ் என்ற கொடிய விஷம். தக்காளியிலும் தேங்காய்ச் சில்லிலும் வடையிலும் தடவி வைக்கிறோம். குழந்தைக்கு அது தின்பண்டம். பேஸ்ட் என்று நினைத்துப் பல் விளக்கிய குழந்தைகளும் உண்டு.

இந்த விஷத்தின் குணத்தைக் கேளுங்கள். தின்றவுடன் வாந்தி வரலாம், வயிறு வலிக்கலாம். பிறகு அடங்கிவிடும். ஒரு நாள், இரண்டு நாள் ஆள் நன்றாக இருப்பது போலத் தெரியும். "ஒன்றும் ஆகவில்லை, கடவுள் காப்பாற்றினார்" என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அப்போதுதான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டு இருக்கும். பிறகு கண் மஞ்சளாகும், ரத்தம் கசியும், நினைவு தப்பும். இந்த விஷத்தை முறிக்க மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் பிழைக்க வழி உண்டு. தாமதித்தால் கஷ்டம்.

பக்கத்தில் உள்ள தமிழ்நாட்டில் இந்தப் பசையின் விற்பனைக்கு 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு நிரந்தரத் தடை போட்டது. எலிக்கு என்று வாங்கியதை, வீட்டில் சண்டை வந்த ஒரு கோபமான நேரத்தில் மனிதர்களே தின்றுவிடுவதும் இதற்கு ஒரு காரணம். இதைச் சொல்லாமல் போகக் கூடாது என்றுதான் சொல்கிறேன். வீட்டில் விஷம் இல்லாவிட்டால் அந்தக் கோபமான நேரம் கடந்து போயிருக்கும். எத்தனையோ பிள்ளைகள் உயிரோடு இருந்திருப்பார்கள்.

இன்னொரு விஷம் மாத்திரை. நெல் மூட்டை அடுக்கிய கிடங்கில் பூச்சி கொல்ல வைப்பது. அலுமினியம் பாஸ்பைடு என்று பெயர். காற்றில் உள்ள ஈரம் பட்டால் அதிலிருந்து விஷவாயு வரும். கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமா? எலிக்கு என்றும் மூட்டைப்பூச்சிக்கு என்றும் சிலர் இதை வீட்டில் வைக்கிறார்கள். மூடிய அறையில் தூங்குகிறவர் காலையில் எழுந்திருக்க மாட்டார். பயிற்சி பெற்றவர்கள்தான் இதைக் கையாள வேண்டும். மனிதர் குடியிருக்கும் வீட்டில் யாருமே வைக்கக் கூடாது. "நல்ல மருந்து, ஒரே நாளில் பலன்" என்று யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எறும்புக்குக் கோடு போடுகிற சாக்கட்டி தெரியும் அல்லவா? அதுவும் பூச்சி விஷம்தான். பள்ளிக்கூடச் சாக்கட்டி மாதிரியே இருப்பதால் குழந்தை வாயில் வைக்கும். துணிக்குப் போடும் நாப்தலின் உருண்டை மிட்டாய் மாதிரி இருக்கும். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம். இவை எல்லாம் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பூச்சி மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

வேறு வழியே இல்லாமல் எலிக்கு விஷம் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், புரோமடையலோன் என்ற மருந்து கலந்த கட்டி கிடைக்கிறது. அது மெதுவாக வேலை செய்யும். அதற்கு மாற்று மருந்தும் உண்டு. ஆனாலும் அது விஷம்தான். எலி மட்டும் நுழையக்கூடிய பெட்டிக்குள் வைத்து, எத்தனை கட்டி வைத்தோம் என்று எழுதி வையுங்கள். நீங்கள்தான் இப்போது எழுதக் கற்றவர்கள் ஆயிற்றே! காலையில் எண்ணிப் பார்த்து, மீதியை எடுத்துவிடுங்கள்.

யாராவது விஷத்தைத் தின்றுவிட்டால் என்ன செய்வது? இதைக் கவனமாகப் படியுங்கள். பக்கத்து வீட்டுக்கும் படித்துக் காட்டுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108க்குப் போன் செய்யுங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விட்டும் எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் அதுவே ஆளைக் கொல்லும். பால், எண்ணெய், நெய் எதுவும் கொடுக்கக் கூடாது. விஷத்தின் டியூபை, டப்பாவை, அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். எந்த விஷம் என்று மருத்துவருக்கு அது சொல்லும். குழந்தை விளையாடிக்கொண்டு இருந்தாலும் போங்கள். "பார்த்துவிட்டு நாளைக்குப் போகலாம்" என்று இருக்காதீர்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு

2024 நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம். வளைக்குள் தண்ணீர் புகுந்தால் எலி எங்கே போகும்? மேட்டுக்கு வரும். மேடு என்றால் நம் வீடு.

எலியின் மூத்திரத்தில் ஒரு கிருமி இருக்கிறது. அது வெள்ளத் தண்ணீரில் கலக்கும். காலில் சேற்றுப்புண், வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியாக உடம்புக்குள் நுழையும். அதுதான் எலிக்காய்ச்சல். திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு, இவை அடையாளம். கவனிக்காமல் விட்டால் மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகம் கெடும். 2005இல் மும்பை வெள்ளத்துக்குப் பிறகும், 2018இல் கேரள வெள்ளத்துக்குப் பிறகும் பலர் இந்தக் காய்ச்சலால் இறந்தார்கள். ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் போனால் குணமாகும் நோய் இது. "வெள்ளத்தில் நடந்தேன்" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை முக்கியம். வெள்ளக் காலத்தில் சுகாதார ஊழியர் தடுப்பு மாத்திரை கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

எலி இருக்கிற வீட்டுக்குப் பாம்பும் வரும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் எலியைத் தேடித்தான் வருகின்றன. எலிக்கு வழி அடைத்தால் பாம்புக்கும் அடைத்த மாதிரி.

கொசு நம் வீட்டிலேயே பிறக்கிறது

கொசுவைப் பற்றிப் பேச நம் புதுச்சேரிக்கு உரிமை உண்டு. 1975இல் இங்கே கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய மத்திய அரசு ஒரு நிலையம் அமைத்தது. அப்போது நம் ஊரில் யானைக்கால் நோய் அதிகம். அதன் இயக்குநராக இருந்தவர் பி.கே. ராஜகோபாலன். 1981 முதல் 1985 வரை இந்த நிலையம் புதுச்சேரி நகரில் யானைக்கால் கொசுவை ஒழிக்க ஒரு பெரிய திட்டம் நடத்தியது. எப்படி நடத்தினார்கள்? மருந்தை மட்டும் நம்பவில்லை. தண்ணீர் தேங்கும் பள்ளங்களைத் தூர்த்தார்கள். சாக்கடையை ஓட விட்டார்கள். கிணற்றில் கொசுப்புழு தின்னும் மீனை விட்டார்கள். கடற்கரைக் கழியில் பாசி படர்ந்து அதில் கொசு பெருகியது. அந்தப் பாசியை அள்ளிக் காகிதம் செய்யக்கூட வழி கண்டார்கள். மக்களும் சேர்ந்து வேலை செய்தார்கள்.

கொசு எல்லாம் ஒன்று அல்ல. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அழுக்குத் தண்ணீரில் பிறக்கும். செப்டிக் டேங்கில் பிறக்கும். டேங்கின் காற்றுக் குழாய் நுனியில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டுங்கள். பத்து ரூபாய்கூட ஆகாது. உள்ளே பிறந்த கொசு வெளியே வராது. கொசுவலைத் துணிதான் வேண்டும். மீன் வலை உதவாது, கண் பெரிது.

டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் பிறக்கும். உடம்பிலும் காலிலும் வெள்ளைக் கோடு இருக்கும். பகலில் கடிக்கும். இதன் முட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அது தண்ணீரின் மேல் மட்டும் இல்லை, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை சாகாது. காய்ந்து பல மாதம் கிடக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றினால் புழு வந்துவிடும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசு ஆக ஏழு எட்டு நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை.

வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஆட்டுக்கல் குழி, தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு. கரைக்குப் போனால் இன்னும் இருக்கிறது. ஏற்றி வைத்த படகுக்குள் மழைத் தண்ணீர். படகுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்ட டயர். உடைந்த தெர்மோகோல் பெட்டி. படகைக் கவிழ்த்து வையுங்கள், அல்லது தக்கையை எடுத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். டயரின் அடிப்பக்கத்தில் இரண்டு ஓட்டை போடுங்கள்.

மலேரியாக் கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் பிறக்கும். தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். தொட்டியைப் பார்க்க சுகாதார ஊழியர் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். நானும் மாடி மாடியாக ஏறியவன்தான். "எங்கள் வீட்டில் கொசு இல்லை" என்று சொன்ன வீடுகளில்தான் அதிகம் புழு பார்த்திருக்கிறேன்!

படுக்கும்போது கொசுவலை கட்டுங்கள். பகலில் தூங்கும் குழந்தைக்கும் கட்டுங்கள். சுருள் கொளுத்தி ஜன்னலை மூடிக்கொண்டால் கொசுவோடு சேர்ந்து நாமும் புகையைக் குடிக்கிறோம்.

கரையான், கரப்பான், மூட்டைப்பூச்சி

இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரையான் மண்ணிலிருந்து சுவரில் மண் கோடு போட்டு ஏறும். மாதம் ஒரு முறை சுவர் அடியையும் கதவு நிலையையும் பாருங்கள். விறகையும் கீற்றையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். மரத் தூணை மண்ணில் நடாமல் கல் மேல் நிறுத்துங்கள்.

கரப்பானுக்கு இரவில் ஈரம் வேண்டும். சொட்டுகிற குழாயைச் சரி செய்து, சாக்கடைத் துவாரத்தை இரவில் மூடிவிட்டாலே பாதி குறையும். போரிக் பவுடரைச் சர்க்கரையும் மாவும் சேர்த்துப் பிசைந்து சந்துகளில் வைக்கலாம். அதுவும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

மூட்டைப்பூச்சிக்குக் கொதிக்கும் தண்ணீர் போதும். கட்டில் சந்துகளில் ஊற்றுங்கள். துணியை வெந்நீரில் ஊறவையுங்கள். ஒரு முறை செய்தால் போகாது. வாரம் ஒரு முறை என்று விடாமல் செய்ய வேண்டும்.

காக்கையும் புறாவும்

பறவையை எலியோடு சேர்த்துப் பேசுவதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தொல்லை இருப்பது உண்மைதான். மணலில் மீனைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் காக்கை தூக்கிக்கொண்டு போகிறது. என்ன செய்யலாம்? இடுப்பு உயரத்துக்குப் பரண் கட்டி அதன் மேல் காயவையுங்கள். மேலே பழைய வலையை விறைப்பாகக் கட்டுங்கள். காக்கையும் வராது, நாயும் வராது. கருவாட்டில் மணல் ஒட்டாது. மணல் இல்லாத கருவாட்டுக்குச் சந்தையில் நல்ல விலை. வலையைத் தொளதொள என்று கட்டினால் பறவை சிக்கிச் சாகும். இழுத்துக் கட்டுங்கள்.

மீன் குடலைக் கரையிலேயே கொட்டிவிட்டு, "காக்கை அதிகமாகிவிட்டது" என்று சொன்னால் எப்படி? குழி வெட்டி மூடினால் ஈயும் குறையும், காக்கையும் குறையும்.

காக்கைக்குச் சோறு வைப்பது நம் வழக்கம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பிடி வையுங்கள். தின்றுவிட்டுப் போகட்டும். மீந்தது எல்லாம் கொட்டினால் இரவில் எலி வந்து தின்னும். தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் வைக்காதீர்கள்.

புறா வேறு மாதிரி. மாடி வீடுகளிலும் பள்ளிக்கூடத்திலும் கூடு கட்டுகிறது. அதன் எச்சம் காய்ந்து தூளாகிக் காற்றில் பறக்கும். பல மாதம், பல வருடம் அந்தத் தூளைச் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் தடித்துப் போகும். இருமல், மூச்சு இரைப்பு வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 2025இல் மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களை மூடச் சொன்னபோது பெரிய சச்சரவே நடந்தது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்கும் போனது. தீனி போடுவது புண்ணியம் என்கிறார்கள் ஒரு பக்கம். மூச்சு விட முடியவில்லை என்கிறார்கள் மறு பக்கம். என்னைக் கேட்டால், மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவது புறாவுக்கும் நல்லது இல்லை, மனிதருக்கும் நல்லது இல்லை.

புறா எச்சத்தைக் காய்ந்தபடியே கூட்டாதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு வழித்து எடுங்கள். புறா உட்காரும் சன்ஷேடு மேல் ஒரு பலகையைச் சரிவாக வைத்தால் அதனால் உட்கார முடியாது. சந்துகளுக்கு நைலான் வலை கட்டுங்கள். கட்டுவதற்கு முன் உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு பறக்கும்வரை, ஒரு மாதம் போல, பொறுத்திருந்து கட்டுங்கள்.

விஷம் வைத்துப் பறவையைக் கொல்லாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கிளி, மைனாவைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். முன்பு அந்தச் சட்டத்தில் தொல்லை தரும் உயிர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. எலியும் காக்கையும் அதில் இருந்தன. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள்.

கடைசியாகக் கூகை. சாக்குருவி என்று சொல்லிக் கல்லால் அடிக்கிறோம். அது இரவில் அலறினால் வீட்டில் சாவு விழும் என்று பயப்படுகிறோம். அது வருவது நம்மைத் தேடி இல்லை, நம் வீட்டு எலியைத் தேடி. சம்பளம் வாங்காமல் இரவு முழுவதும் எலி பிடிக்கிற காவல்காரன் அது. நாம் விஷம் வைத்த எலியைத் தின்றால் அதுவும் சாகும். அதன் குஞ்சும் கூட்டிலேயே பட்டினியால் சாகும்.

நான் நிறையப் பேசிவிட்டேன். தேநீர் வருகிறது. குடித்துக்கொண்டே உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். பிறகு வெளிச்சம் போவதற்குள் ஐந்தாறு பேர் என்னோடு கரைக்கு வாருங்கள். வரும்போது பார்த்தேன். படகு டயர்களில் முந்தாநாள் மழைத் தண்ணீர் நிற்கிறது. ஓட்டை போட ஒரு ஆணியும் சுத்தியலும் எடுத்து வாருங்கள்.